காயம்பட்டவரை முன்னால் நிறுத்திய வாத்தியார்

கோத்தா திங்கி – ஹரிமாவ் மலாயா ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் இங்குள்ள ஒட்டுக்கடைப் பக்கம் போனால், தேசிய அணிக்குப் பயிற்றுநராகத் தகுதி உள்ளவர்கள் குறைந்தது பத்துப் பேராவது தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஏன் அந்தப் பையனை எடுக்கவில்லை, இவரை ஏன் இரண்டாம் பாதி வரை வைத்திருந்தார், வெளியிலிருந்து கொண்டுவந்தவர்களே ஆடினால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று பேச்சு சூடாகும். 2025 செப்டம்பரில் ஏழு ஆட்டக்காரர்களின் வம்சாவளி ஆவணங்கள் சரியில்லை என்று ஃபிஃபா ஓராண்டுத் தடை விதித்து, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதமும் போட்ட பிறகு இந்தப் பேச்சில் கோபமும் சேர்ந்துகொண்டது.

அப்படி ஒரு பேச்சின் நடுவில்தான் ரஹீம் பெயர் வந்தது. 2024-இல் வந்த மைதான் படத்தைப் பார்த்த ஒருவர் எடுத்துவிட்ட பெயர். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த படம் என்பதால் நம்மவர்கள் பலர் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் படத்தில் வரும் ரஹீம் சினிமாவுக்கு ஏற்றவாறு வெட்டித் தைக்கப்பட்டவர். உண்மையான சையத் அப்துல் ரஹீமின் வாழ்க்கையில், நாம் இன்று ஒட்டுக்கடையில் அடித்துக்கொள்ளும் கேள்விகள் எல்லாமே இருக்கின்றன. ஓர் அணியை யார் தேர்ந்தெடுப்பது? எந்த ஊர்க்காரன் என்று பார்த்து எடுப்பதா, ஆட்டத்தைப் பார்த்து எடுப்பதா? தோற்றால் யார் பொறுப்பு?

ரஹீம் 1909 ஆகஸ்டு 17-ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாம் ஆட்சியில் இருந்த தனி சமஸ்தானம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். கமர் கிளப் என்ற உள்ளூர் அணியில் ஆடினார். வயிற்றுப் பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர் வேலை. பிறகு உடற்கல்விப் பக்கம் திரும்பினார். அவர் ஆட்டக்காரராகப் பெரிய பெயர் எடுத்ததில்லை. கடைசிவரை எல்லாருக்கும் அவர் ரஹீம் சாஹிப், அதாவது நம் வழக்கில் சொன்னால் வாத்தியார். வகுப்பறையில் இருபது முப்பது பிள்ளைகளில் யாருக்கு எதைச் சொன்னால் ஏறும், யாரை எங்கே உட்கார வைத்தால் படிப்பான் என்று கண்டுபிடிக்கிற பழக்கம்தான் திடலுக்கும் அவரோடு வந்தது.

1943-இல் ஹைதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும்வரை அந்தப் பொறுப்பை விடவில்லை. சங்கச் செயலாளர் என்றால் மேடையில் மாலை வாங்கிக்கொண்டு, கிண்ணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர் என்றுதான் நமக்குப் பழக்கம். ரஹீம் அந்த நாற்காலியை வைத்துக்கொண்டு செய்த காரியம் வேறு. சின்னப் பிள்ளைகளுக்கு விசித்திரமான போட்டிகளை நடத்தினார். ஒன்றில், பந்தை வைத்துக்கொண்டு ஆளை வெட்டிப் போகக்கூடாது. வாங்கியதும் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில், பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். வலது கால்காரன் இடது காலாலும், இடது கால்காரன் வலது காலாலும் ஆட வேண்டும்.

நம் தோட்டத் திடல்களை நினைத்துப் பாருங்கள். ஐந்து பேரை வெட்டிக்கொண்டு போகிறவன்தான் அங்கே ராஜா. கோல் விழாவிட்டாலும் வேலியோரம் நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள். ஹைதராபாத்திலும் அப்படித்தான் இருந்தது. கைதட்டலுக்கு ஆடுகிற பையனிடமிருந்து பந்தைப் பிடுங்கி, பக்கத்தில் நிற்பவனைப் பார்க்க வைத்தார் வாத்தியார். பத்து வருடத்தில் அந்த ஊர் இந்தியாவின் காற்பந்து வரைபடத்தையே மாற்றியது.

ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்கு 1950-இல் பயிற்றுநரானார். அன்றைக்கு இந்தியக் காற்பந்து என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றும் இருக்கும்போது மற்ற ஊர்கள் ஒப்புக்குச் சப்பாணிகள். பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கிண்ணத்தை ரஹீமின் போலீஸ்காரர்கள் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடங்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். டுராண்ட் கிண்ணத்தையும் வென்றார்கள். சந்தோஷ் டிராபி என்பது இந்திய மாநிலங்கள் மோதும் போட்டி, நம் மலேசியக் கிண்ணத்தைப் போல. அதையும் 1956, 1957 பருவங்களில் ஹைதராபாத் அடுத்தடுத்து வென்றது.

இந்த வெற்றிகள்தான் அவரைத் தேசிய அணிக்குக் கொண்டுபோயின. தகராறும் அங்கேதான் தொடங்கியது.

1951-இல் புது டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. சைலேன் மன்னா தலைமையில் இறங்கிய இந்தியா, இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் எடுத்தது. கோல் அடித்தவர் சாஹு மேவாலால். நாடே கொண்டாடியது. அடுத்த வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக். யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடி. குளிரில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் இந்தியாவில் காற்பந்துக் காலணி கட்டாயம் என்று ஆனது. ஒரே வருட இடைவெளியில் தங்கமும் பத்து கோலும். ரசிகர்கள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

ரஹீம் அந்தத் தோல்வியைத் தூக்கி எறியவில்லை. அப்போது இந்திய அணிகள் பழைய பிரிட்டிஷ் முறையில் ஐந்து பேரை முன்னால் வரிசையாக நிறுத்தி ஆடிக்கொண்டிருந்தன. ஐரோப்பாவிலோ நடுவில் நிற்கும் தாக்குதல் ஆட்டக்காரர் பின்னால் இறங்கி வந்து, எதிரணித் தற்காப்பை இழுத்து, பின்னால் ஓட்டை விழச் செய்யும் முறை வந்துவிட்டது. 1953 நவம்பரில் ஹங்கேரி இப்படித்தான் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று சாய்த்தது. ரஹீம் இந்த வித்தையை இந்தியப் பையன்களுக்கு ஏற்றபடி மாற்றி எடுத்துக்கொண்டார். நம் ஆட்கள் உயரம் குறைவு, உடல் பலம் குறைவு. ஆனால் வேகமும் குட்டையான பாஸும் அவர்களுக்குக் கைவந்தவை. அதற்கேற்ற ஆட்டம் வேண்டும், அந்த ஆட்டத்துக்கேற்ற ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. பெயர் பெற்றவர்களில் பதினொருவரைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பிறகு ஆட்டத்தை யோசிப்பது அவர் வழியல்ல.

இங்கேதான் கல்கத்தாவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. தேசிய அணியில் கல்கத்தா கிளப்புகளின் ஆட்டக்காரர்கள் நிரம்பியிருப்பது அதுவரை இயல்பாகவே கருதப்பட்டது. ரஹீம் வந்த பிறகு ஹைதராபாத் பெயர்கள் பட்டியலில் கூடின. நூர் முகமது, அசீசுதீன், லத்தீஃப் என்று வரிசையாக வந்தார்கள். சொந்த ஊர்க்காரர்களுக்கு இடம் கொடுக்கிறார் என்ற பேச்சு எழுந்தது. பேச்சில் கொஞ்சமும் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தினமும் தன் கண்முன்னால் பயிற்சி எடுப்பவனை ஒரு பயிற்றுநர் அதிகம் நம்புவது மனித இயல்பு. ஆனால் ஐந்து வருடம் தொடர்ந்து ரோவர்ஸ் கிண்ணம் வென்ற ஊரிலிருந்து ஆட்கள் வராமல் வேறு எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது அல்லவா?

அவர் ஆள் எடுத்த விதத்துக்கு ஒரு சாட்சி, துளசிதாஸ் பலராம். செகந்தராபாத்துக்குப் பக்கத்தில் அம்முகூடா என்ற சிற்றூர்ப் பையன். வீட்டில் வறுமை. பெரிய கிளப் எதுவும் அவனை அறியாது. ஒரு சின்ன ஆட்டத்தில் ரஹீமின் கண்ணில் பட்டான். தேர்வு முகாமுக்கு வரச் சொன்னால், தினமும் நகரத்துக்கு வந்துபோகக் காசில்லை என்று தயங்கினான். வாடகை சைக்கிளுக்கு வாத்தியாரே பணம் கொடுத்தார். பலராம் முதிய வயதிலும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாடகை சைக்கிளில் வந்த அந்தப் பையன் 1956-இல் சந்தோஷ் டிராபி ஆடினான், அதே வருடக் கடைசியில் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் பெரிய பெயர்களோடு சேர்ந்து இந்தியச் சட்டை போட்டான். அப்போது அவனுக்கு வயது இருபது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் மனசு நிற்கும். பந்து வாங்கத் தெரிந்த கால் இருந்தும், பேருந்துக் காசு இல்லாமல், கூட்டிப்போக ஆள் இல்லாமல், மாவட்டத் தேர்வுக்கே போகாத அண்ணன்மார்கள் ஒவ்வொரு லயத்திலும் இருந்திருக்கிறார்கள். தோட்ட அணியிலேயே கிராணி வீட்டுப் பிள்ளைக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சப் பத்து இடத்துக்குப் போட்டி நடந்த கதைகளையும் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்பு பிறகு வந்தது.

மெல்பர்னில் இந்தியா செய்தது இன்று கேட்டாலும் நம்ப முடியாது. முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் ஆடாமலே முன்னேறியது. கால் இறுதியில், சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தியது. பம்பாய்க்காரரான நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் ஹெல்சிங்கியில் பத்து கோல் போட்ட அதே யுகோஸ்லாவியா. நெவில் முதல் கோலைப் போட்டு இந்தியாவை முன்னால் கொண்டுபோனார். பிறகு 4-1 என்று தோற்றார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் 3-0 தோல்வி. நான்காம் இடம். ஒலிம்பிக் காற்பந்தில் அரையிறுதி வரை போன முதல் ஆசிய நாடு இந்தியாதான்.

1959-இல் கோலாலம்பூரில் நடந்த மெர்டேக்கா கிண்ணத்தில் இந்தியா இரண்டாம் இடம். கிண்ணம் நம் மலாயாவுக்கு. அந்தக் காலத்தில் மலாயாவும் இந்தியாவும் ஆசியாவில் ஏறக்குறைய ஒரே படியில் நின்ற அணிகள். 1960-இல் ரோம் ஒலிம்பிக். பி.கே. பானர்ஜி தலைமை. ஹங்கேரியிடம் 2-1 என்று நெருங்கி வந்து தோல்வி, பிரான்சோடு 1-1 சமநிலை, பெருவிடம் 3-1 தோல்வி. முதல் சுற்றோடு ஊர் திரும்பினார்கள். அந்தக் குழுவில் ரஹீமின் சொந்த மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் இருந்தார். ஓர் ஆட்டத்திலும் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. சொந்த ஊர்க்காரர்களுக்குச் சலுகை காட்டுகிறார் என்று பேசியவர்கள் இதையும் பேசியிருக்க வேண்டும்.

இனி 1962. இந்தக் கட்டுரையே அந்தப் பத்து நாளுக்காகத்தான்.

ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி. ரஹீமின் உடம்புக்குள் நுரையீரல் புற்றுநோய் வேலை செய்துகொண்டிருந்தது. இருமலோடுதான் திடலில் நின்றார். அவர் கொண்டுபோன பதினாறு பேரின் பட்டியலைப் பார்த்தால் நம் வாசகர்களுக்குச் சில பெயர்கள் பக்கத்து வீட்டுப் பெயர்கள் போல இருக்கும். பீட்டர் தங்கராஜ், எத்திராஜ், அருமைநாயகம். தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்தவர், 1953-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். முதலில் தாக்குதல் ஆட்டக்காரராக ஆடியவர், பிறகு கோல் காவலராகி ஆசியாவின் சிறந்தவர்களில் ஒருவரானார். ஆறடிக்கு மேல் உயரம்.

முதல் ஆட்டமே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. தங்கராஜ் காய்ச்சலில் விழுந்தார். அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் தற்காப்பின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடி. தையல் போட வேண்டியதாயிற்று. அப்போது மாற்று ஆட்டக்காரர் இறக்கும் விதி கிடையாது. அடிபட்டால் மிச்சம் இருப்பவர்களோடு ஆட்டத்தை முடிக்க வேண்டும். ஜர்னைல் இல்லாமல் ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்குப் போனது இந்தியா. கோல் காவலில் பிரத்யுத் பர்மன்.

அரையிறுதியில் தென் வியட்நாம். தலையில் தையலோடு இருக்கும் ஜர்னைலைத் தற்காப்பில் நிறுத்தினால், உயரப் பந்து ஒவ்வொன்றுக்கும் அவர் தலை கொடுக்க வேண்டும். ஆபத்து. வெளியில் உட்கார வைத்தால் அணியின் முரட்டு பலமே போய்விடும். ரஹீம் மூன்றாவதாக ஒரு வழி கண்டார். ஜர்னைலைத் தாக்குதல் வரிசையின் நடுவில் நிறுத்தினார். கல்லூரி நாளில் ஜர்னைல் முன்னால் ஆடியவர் என்பது வாத்தியாருக்கு நினைவிருந்தது. தற்காப்பின் நடுவை அருண் கோஷ் பார்த்துக்கொண்டார். இந்தியா 3-2 என்று வென்றது. கேப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

இன்னொரு அரையிறுதியில் நம் மலாயா தென் கொரியாவிடம் 2-1 என்று தோற்றது. கனி மின்ஹாட் ஆடிய காலத்து அணி அது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் தென் வியட்நாமை 4-1 என்று அடித்து வெண்கலம் கொண்டுவந்தது. ஜகார்த்தா மேடையில் தங்கமும் வெண்கலமும் வாங்கிய இரு அணிகளையும் சொந்த அணி போல நினைத்த தமிழர்கள் அன்றைக்கு இந்த நாட்டில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியது. காரணம் காற்பந்து அல்ல. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை, ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தில் இருந்த இந்தியரான ஜி.டி. சோந்தி கடுமையாக எதிர்த்தார். இந்தப் போட்டியை ஆசிய விளையாட்டு என்றே அழைக்கக்கூடாது என்பது அவர் நிலை. ஜகார்த்தா கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. திடலுக்குப் போகும் வழியில் பேருந்தின் தரையில் குனிந்து உட்கார்ந்திருந்ததை ஆட்டக்காரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தலைப்பாகை கட்டிய ஜர்னைல் தூரத்திலிருந்தே இந்தியர் என்று தெரிந்துவிடுவாரே என்ற பயம் வேறு.

அந்தச் சூழலில் ரஹீம் பதினொருவரை எழுதினார். ஜர்னைல் மறுபடியும் முன்னால். அதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம், அரையிறுதியில் கோல் போட்டவர். ஆனால் கோல் காவலுக்கு அவர் எழுதிய பெயர் தங்கராஜ். முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் விட்டுக்கொடுத்து, காய்ச்சலில் படுத்து, பிறகு ஆடவே ஆடாதவர். தங்கராஜ் படுத்த பிறகு கோலைக் காத்து, அணியை இறுதிவரை கொண்டுவந்த பர்மன் வெளியே.

நம் ஒட்டுக்கடையில் அன்று வானொலி இருந்து, ஆட்டத்துக்கு முன்னால் இந்தப் பட்டியலை வாசித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வாத்தியாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, வென்றுகொண்டிருக்கும் அணியை எவனாவது கலைப்பானா, ஊர்க்காரன் என்பதால் தங்கராஜை இறக்கிவிட்டான் என்று மேசையைத் தட்டியிருப்பார்கள். தட்டியவர்களில் நானும் இருந்திருப்பேன்.

ரஹீமின் கணக்கு கொரியர்களின் ஆட்டத்தில் இருந்தது. அவர்கள் பக்கவாட்டிலிருந்து உயரமாகப் பந்தைத் தூக்கிப் போட்டு, முட்டி மோதி கோல் தேடுகிறவர்கள். அந்தப் பந்துகளை வானத்திலேயே பறிக்க உயரமும் அகலமும் உள்ள ஒருவர் கோல் வாயிலில் வேண்டும். பர்மன் மோசமாக ஆடியதால் நீக்கப்படவில்லை. அன்றைய எதிரிக்கு வேறு கருவி தேவைப்பட்டது, அவ்வளவுதான். முதல் ஆட்டத்தில் கொரியாவிடம் வாங்கிய 2-0 அடியை மற்றவர்கள் மறக்கப் பார்த்தார்கள். ரஹீம் அதை உட்கார்ந்து படித்திருந்தார்.

முந்தின இரவு ஆட்டக்காரர்களைக் கூட்டி, தனக்கு ஒரு பரிசு வேண்டும், நாளை தங்கம் வாங்கித் தாருங்கள் என்று கேட்டதாகச் சொல்வார்கள். அதற்குள் தன் உடம்பு நிலை அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

1962 செப்டம்பர் 4. செனாயான் அரங்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இந்திய தேசிய கீதம் கூச்சலில் மூழ்கியது. அரங்கில் இந்தியாவுக்காகக் கத்தியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் இருந்தார்கள் என்பது இந்த ஆட்டத்தின் அதிசயங்களில் ஒன்று. 17-ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல். மூன்று நிமிடம் கழித்துத் தலையில் கட்டோடு நின்ற ஜர்னைல் கோல். 2-0. மிச்சமிருந்த எழுபது நிமிடம் கொரியர்கள் தூக்கிப் போட்ட பந்துகளுக்குத் தங்கராஜ் பதில் சொன்னார். கடைசி நிமிடங்களில் ஒன்று மட்டும் உள்ளே போனது. 2-1. இந்தியாவுக்குத் தங்கம்.

கோல் போட்டவர்களைக் கவனியுங்கள். பி.கே. பானர்ஜி வங்காளத்து ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்காரர். ஜர்னைல் பஞ்சாபி, மோகன் பகானுக்கு ஆடியவர். கேப்டன் சுனியும் மோகன் பகான். இடது பக்கம் ஆடிய பலராமும் அதற்குள் ஈஸ்ட் பெங்கால் சட்டை போட்டவர். ஹைதராபாத்துக்காரர்களை மட்டும் பார்க்கிறார் என்று பத்து வருடமாகச் சொல்லப்பட்ட மனிதரின் மிகப் பெரிய வெற்றி கல்கத்தா திடல்களில் ஆடியவர்களின் காலில்தான் வந்தது. யாரும் அவரிடம் அதற்காக வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பியவர் சில மாதங்களில் படுக்கையில் விழுந்தார். 1963 ஜூன் 11-ஆம் நாள் ஹைதராபாத்தில் காலமானார். வயது 53. இந்திய அரசின் பெரிய விருது எதுவும் அவர் பெயருக்கு வரவில்லை. அவர் போன பிறகு இந்தியா 1964 ஆசியக் கிண்ணத்தில் இரண்டாம் இடம் பிடித்தது, 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் எடுத்தது. ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் இந்தியா வாங்கிய கடைசிப் பதக்கம் அதுதான்.

இதில் ரஹீமின் பக்கமும் ஒரு குறை உண்டு. எல்லாவற்றையும் தன் தலைக்குள் வைத்திருந்தார். யாருக்கு எந்த இடம், எந்த எதிரிக்கு எந்த முறை என்ற கணக்குப் புத்தகம் அவரோடு மண்ணுக்குள் போனது. அவருக்கு அடுத்து அந்த வேலையைச் செய்ய ஒருவரைச் சங்கமும் வளர்க்கவில்லை, அவரும் வளர்க்க நேரமில்லாமல் போனார். அவர் ஆட்டக்காரர்களிலிருந்து நல்ல பயிற்றுநர்கள் வந்தார்கள், பி.கே. பானர்ஜியே பெரிய பயிற்றுநர் ஆனார். மகன் ஹக்கீம் பயிற்றுநராகவும் அனைத்துலக நடுவராகவும் இருந்து 2021-இல் காலமானார். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத காலால் போட்டி நடத்துகிற சங்கச் செயலாளர் மறுபடி வரவில்லை. மேலே தேசிய அணிக்கு ஆள் எடுக்கிற சண்டையில் பாதி, கீழே இருபது வருடத்துக்கு முன்னால் நடக்காமல் விட்ட அந்தப் போட்டிகளில் இருக்கிறது. நம் நாட்டிலும் வம்சாவளி ஆவணம் தேடி வெளிநாடு போவதற்கு முன்னால், கோத்தா திங்கியைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் எத்தனை திடல்களில் இன்னும் கோல் கம்பம் நிற்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்தால் தேவலை.

ஒட்டுக்கடைக்கு இந்தக் கதையை நான் கொண்டுபோனபோது எல்லாரும் ஜர்னைலை முன்னால் போட்டதற்குத் தலையாட்டினார்கள். தங்கராஜ் பெயரைக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தினார்கள். பழைய தோட்ட அணிக்குக் கோல் காவலராக இருந்த ஒரு பெரியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இறுதி ஆட்டம் வரை கொண்டுவந்த பர்மனை உட்கார வைத்தது தப்பு என்கிறார். தங்கம் கிடைத்துவிட்டதே என்று மற்றவர்கள் சொன்னதற்கு, பர்மன் நின்றிருந்தாலும் கிடைத்திருக்கும், அந்த ஒரு கோல்கூட விழுந்திருக்காது என்று தே தாரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார். போன வாரமும் அதே வாதம்தான்.